தூண்டிலுக்குப் புழு வளர்ப்பது வேறு, உரத்துக்கு வளர்ப்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கழிவிலிருந்து மண்புழு உரம் தயாரிப்பது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். உரத்தைப் பற்றிச் சொன்னதில் குறை எதுவும் இல்லை, நன்றாகவே இருந்தது. ஆனால் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வரி: தொட்டியில் பெருகும் புழுக்களைத் தூண்டிலுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாமாம். தூண்டில் போடுகிறவன் என்ற முறையில் அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதை நம்பி உரத்தொட்டிக்குள் கையை விட்டால் வருவது பெரும்பாலும் பொடிப்பொடியான, சவசவத்த புழுக்களாகத்தான் இருக்கும். முள்ளில் குத்தும்போதே பாதி அறுந்துவிடும், மீதி தண்ணீருக்குள் போனதும் இரண்டு தடவை நெளிந்துவிட்டு அசையாமல் தொங்கும், கெண்டை வந்து ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு போய்விடும், தக்கை ஆடியதுகூடத் தெரியாது.

ஏன் இப்படி என்றால், உரம் தயாரிப்பவருக்கு எண்ணிக்கைதான் முக்கியம். புழு கூடக்கூடக் கழிவு சீக்கிரம் மட்கும், அதனால் ஒரு சதுர அடிக்கு அரை கிலோ வரைகூட நெருக்கி விடுவார்கள். அத்தனை நெருக்கத்தில் புழு உயிரோடு இருக்கும், முட்டையும் இடும், ஆனால் பருக்காது. போதாக்குறைக்கு உரம் முழுசாக ஆகும்வரை அதைத் தன் எச்சத்திலேயே கிடக்க விடுவார்கள். தூண்டில்காரருக்கு வேண்டியதோ நேர்மாறு. புழு கொஞ்சமாக இருந்தாலும் பரவாயில்லை, தடிமனாக, தோல் கெட்டியாக, முள்ளில் ஏறிய பிறகும் துடிப்போடு இருக்க வேண்டும். உரம் நமக்கு உபரி. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பெட்டி, படுக்கை, தீனி என்று எல்லாமே கொஞ்சம் மாறிவிடும்.

முதலில் எந்தப் புழு என்பது. தோட்டத்தில் மண்வெட்டியால் கொத்தியதும் வெளியே வருகிற புழுவை ஒரு டப்பாவில் போட்டு வளர்த்துவிடலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், சில நாட்களில் டப்பாவைத் திறந்தால் நாற்றம் மூக்கைத் துளைக்கும். மண்புழுக்களை அவை வாழும் இடத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம், 1970களில் மார்செல் பூஷே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் செய்த பகுப்பு இது. மட்கும் இலைதழைக்குள், தரைக்கு மேலாகவே வாழ்பவை ஒரு வகை. மண்ணுக்குள் கிடையாக வளை போட்டு மண்ணையே தின்பவை இன்னொரு வகை. மூன்றாவது வகை செங்குத்தாக ஆழமாக வளை தோண்டி, இரவில் மேலே வந்து இலையை இழுத்துக்கொண்டு உள்ளே போவது. பெட்டியில் வளர்வது முதல் வகை மட்டும்தான். தூண்டில்காரர்களிடையே பேர்போன பெரிய இரவுப்புழு, அதாவது லும்ப்ரிகஸ் டெரெஸ்ட்ரிஸ், மூன்றாவது வகையைச் சேர்ந்தது. அதன் வளை 2 மீட்டர் ஆழம் வரை போகும், குளிர்ச்சியும் வேண்டும், வளர்ந்து முதிர்வதும் மெதுவாக. அதை வாங்கி வந்து குளிரான இடத்தில் சில வாரம் வைத்திருக்கலாம், ஆனால் வீட்டுப் பெட்டியில் பெருக்குவேன் என்று உட்கார்ந்தால் நேரம்தான் வீண்.

பெட்டிக்குத் தோதானவற்றில் ஐசினியா ஃபெட்டிடா என்கிற சிவப்புப் புழு எங்கும் கிடைக்கும், எதையும் தாங்கும், வேகமாகப் பெருகும். குறை என்னவென்றால் அளவு சிறிது, நசுக்கினால் மஞ்சளாக ஒரு திரவம் விடும், அந்த வாடை சில மீன்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லும் தூண்டில்காரர்கள் உண்டு. அதே குடும்பத்தில் கொஞ்சம் தடிமனானது ஐசினியா ஹோர்டென்சிஸ், டென்ட்ரோபீனா என்றும் சொல்வார்கள். மெதுவாகத்தான் பெருகும், ஆனால் முள்ளில் கோத்து நீருக்குள் விட்டால் நெடுநேரம் நெளிந்துகொண்டே இருக்கும். என்னைக் கேட்டால் மிதமான குளிர் உள்ள இடத்தில் இருப்பவர்கள் இதைத்தான் தேட வேண்டும். வெப்பமான இடம் என்றால் யூட்ரிலஸ் யூஜினியே, ஆப்பிரிக்க இரவுப்புழு. ஆள் பெரிது, வளர்ச்சியும் வேகம், 25 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் குஷியாக இருக்கும், ஆனால் 10 டிகிரிக்குக் கீழே போனால் தாங்காது. பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்று ஒன்று இருக்கிறது, உரத்துக்கு அருமையானது. தூண்டிலுக்கு மெலிசு, அதோடு மழை வருகிற ராத்திரியில் பெட்டியைக் காலி செய்துவிட்டுக் கூட்டமாகக் கிளம்பிவிடும். காலையில் தரையெல்லாம் புழு. வீட்டில் மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று எழுத வேண்டியதில்லை.

பெட்டி ஆழமாக இருக்கக் கூடாது, அகலமாக இருக்க வேண்டும். இவை மேல் மண்ணுக்காரர்கள், ஒரு அடிக்குக் கீழே போகவே மாட்டார்கள், ஆழமாகப் போட்டால் அடிப்பகுதி காற்றில்லாமல் அழுகும். அடியில் சிறு துளைகள், கீழே ஒரு தட்டு, மேலே காற்றுப் போகிற மாதிரி மூடி, அவ்வளவு போதும். புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு. காய்ந்தால் மூச்சு நிற்கும், அடியில் நீர் தேங்கிக் காற்று போனாலும் நிற்கும். பெட்டி விஷயத்தில் மனிதர்கள் செய்யும் பாதித் தவறு இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

படுக்கைக்கு அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போடலாம், பழைய செய்தித்தாளை நாடா நாடாகக் கிழித்துப் போடலாம் (உங்கள் பத்திரிகையையும்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம்), தென்னை நார்க்கழிவு இன்னும் நல்லது, ஆனால் அதில் உப்பு இருக்கலாம், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். பளபளவென்று வண்ணம் பூசிய தாள் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் அடித்தால் அகலமான பாத்திரத்தில் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு அப்புறம் தெளியுங்கள். ஈரம் எவ்வளவு என்றால், ஒரு பிடி எடுத்து அழுத்திப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. இதோடு ஒரு கை சாதாரண மண்ணோ பொடியாக இடித்த முட்டை ஓடோ போடுங்கள். புழுவுக்குப் பல் இல்லை, அரைப்பதெல்லாம் அதன் அரைவைப்பையில்தான், அதற்குச் சொரசொரப்பாக ஏதாவது வேண்டும். முட்டை ஓடு புளிப்பையும் கொஞ்சம் தணிக்கும்.

புதுப் பெட்டியில் விட்ட முதல் இரண்டு மூன்று இரவுகளில்தான் ஓடிப்போகப் பார்க்கும். அதற்கு மூடியை இறுக்கி மூச்சுமுட்ட வைக்கத் தேவையில்லை, பெட்டிக்கு மேலே ஒரு விளக்கை எரிய விட்டால் போதும். அதற்குக் கண் இல்லாவிட்டாலும் தோலில் வெளிச்சத்தை உணரும் செல்கள் இருக்கின்றன, தலைப்பக்கம் அதிகம், வெளிச்சம் பட்டதும் உள்ளே போய்விடும். சிவப்பு வெளிச்சம் மட்டும் அதற்கு அவ்வளவாக உறைக்காது, இரவில் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டுமானால் டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். அதிர்வு இன்னொரு தொந்தரவு. மண்புழுவைப் பற்றி 1881இல் எழுதிய சார்லஸ் டார்வின், புழுத் தொட்டிகளின் அருகே பியானோ, பசூன் என்ற ஊதுகருவி எல்லாம் வாசிக்க வைத்துப் பார்த்தார், புழுக்கள் சட்டை செய்யவே இல்லை. ஆனால் தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் சட்டென்று வளைக்குள் இழுத்துக்கொண்டன. அதனால் பெட்டியைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலோ மோட்டார் ஓடுகிற இடத்திலோ வைக்காதீர்கள், பாட்டுக் கேட்டுக்கொண்டே தீனி போடலாம், தப்பில்லை.

தீனிக்கு வருவோம். இங்கேதான் அன்பு கூடிப்போய்ப் புழுவைக் கொல்கிறார்கள். காய்த்தோல், பழத்தோல், வடிகட்டிய தேயிலை, ஊறிய அட்டை இவையே போதும், அதுவும் ஒரு மூலையில் ஒரு கைப்பிடி புதைத்துவிட்டு அது தீர்ந்த பிறகுதான் அடுத்த மூலை. எலுமிச்சை வகைத் தோல், வெங்காயம், பூண்டு, எண்ணெய், உப்பு, இறைச்சி, பால் பொருள் எதுவும் வேண்டாம். நன்றாக மட்கிய மாட்டுச் சாணமோ குதிரைச் சாணமோ கிடைத்தால் அதைப்போல் தீனி வேறு இல்லை. பச்சைச் சாணம் சூடேறும், அமோனியாவும் விடும், அதில் புழுவைப் போடுவது கொலைக்குச் சமம். இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த மாட்டுக்குச் சமீபத்தில் குடற்புழு மருந்து கொடுத்தார்களா என்று. ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் சாணத்தோடு வெளியே வரும், புழுக்கொல்லி மருந்தைப் புழுவுக்கே ஊட்டுவானேன்.

பருக்க வைப்பதற்கென்று தானிய மாவு, தவிடு போடுவது பழைய தூண்டில்காரர்களின் வழக்கம், பலனும் உண்டு. ஆனால் படுக்கையின் மேல் மட்டும் மெல்லிசாகத் தூவி, லேசாக ஈரம் தெளித்து, மறுநாள் மிச்சம் இருந்தால் வழித்து எடுத்துவிட வேண்டும். கிளறி உள்ளே கலந்துவிட்டால் அது புளித்துச் சூடேறும். அதிகமாகத் தின்ற புழுவைக் கவனித்தால் தெரியும்: உடம்பு முழுக்க ஒரே சீராக இருக்காது, ஓரிடத்தில் உப்பி, அடுத்த இடத்தில் இறுகி, மறுபடி உப்பி, மணி கோத்த சரம் மாதிரி ஆகியிருக்கும், மேலே வந்து சுருண்டு கிடக்கும், தொட்டால் விலகக்கூடத் தெம்பிருக்காது. உள்ளே தீனி புளித்து வாயு கட்டிவிட்டது என்று அர்த்தம். அந்த நிலைக்கு வந்த புழு பிழைப்பது அரிது, ஆனால் மற்றவற்றைக் காப்பாற்றலாம். தீனியை உடனே வெளியே எடுங்கள், உலர்ந்த அட்டைத் துண்டுகளைக் கலந்து காற்றோட்டம் கொடுங்கள், முட்டை ஓட்டுப் பொடி தூவுங்கள், அப்புறம் ஒரு வாரம் பட்டினி போடுங்கள். படுக்கையையே தின்று சமாளித்துக்கொள்ளும், கவலை வேண்டாம். ஊருக்குப் போகிறேன், யார் தீனி போடுவார்கள் என்று தவிக்கிறவர்களுக்கும் இதே பதில்தான். நல்ல ஈரத்தோடு, படுக்கை நிறைய இருந்தால் இரண்டு மூன்று வாரம் யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம்.

எறும்பு வந்தால் பெட்டி காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கால் வைத்த பலகையில் பெட்டியை வைத்து நான்கு காலையும் நீர்க்கிண்ணத்தில் நிறுத்தினால் முடிந்தது. பூச்சிமருந்து தெளிக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

இப்போது உரக்காரர்கள் சொல்லாத விஷயம், இரண்டு பெட்டி. ஒன்று பெருகுவதற்கு, ஒன்று பருப்பதற்கு. முதிர்ந்த புழுவின் உடம்பில் முன்பக்கமாக ஒரு பட்டை தடித்துத் தெரியும், பட்டை வந்துவிட்டால் இனப்பெருக்கத்துக்குத் தயார். ஒவ்வொரு புழுவும் ஆணும் பெண்ணுமாகவே இருந்தாலும் பெரும்பாலும் இரண்டு சேர்ந்தால்தான் முட்டை. அந்தப் பட்டையிலிருந்துதான் முட்டைக்கூடு கழன்று வருகிறது. படுக்கையை விரலால் விலக்கிப் பார்த்தால் அரிசியைவிடச் சற்றே குண்டாக, இரண்டு முனையும் கூம்பி, குட்டி எலுமிச்சை வடிவத்தில் கிடக்கும். புதுசு என்றால் வெளிர்மஞ்சள், நாளாக ஆகப் பழுப்பேறிச் செம்பழுப்பாகிவிடும், பொரியப் போகும் கூட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே ஒரு சிவப்புக் கோடு அசைவது தெரியும். சிவப்புப் புழுவில் ஒரு கூட்டிலிருந்து சாதாரணமாக 2 முதல் 5 குஞ்சுகள் வரும், பொரிக்க ஏறக்குறைய 3 வாரம், முதிர இரண்டு மாதம் போல ஆகும். சூடு, ஈரம், தீனியைப் பொறுத்து முன்பின் ஆகலாம்.

பெருக்கும் பெட்டி நெருக்கமாகவே இருக்கட்டும். அதிலிருந்து பட்டை இன்னும் வராத இளம் புழுக்களைப் பொறுக்கி இரண்டாவது பெட்டியில் தாராளமாக இடம் விட்டு விடுங்கள். உரத்தொட்டிக் கணக்கில் கால் பங்கு போதும் என்பது என் அபிப்பிராயம், அதைவிடக் குறைந்தாலும் நல்லதுதான். படுக்கையில் பாதி கறுத்து எச்சமாகிவிட்டால் மாற்றிவிடுங்கள், பழையதைச் செடிக்குப் போடலாம், ஆனால் முட்டைக்கூடு இருக்கும், பொறுக்கிவிட்டுப் போடுங்கள். இப்படி வைத்த சில வாரத்தில் அதே இனம்தானா இது என்று கேட்கிற அளவுக்குப் புழு திரண்டுவிடும். பொறுக்குவதற்குக் கை வலிக்கிறது என்பவர்களுக்கு ஒரு வழி. படுக்கையை ஒரு தாளின்மேல் கூம்பாகக் குவித்து மேலே பலமான வெளிச்சம் போடுங்கள், புழு உள்ளே இறங்கும், மேலே உள்ளதை வழித்தெடுங்கள், திரும்ப இறங்கும், திரும்ப வழியுங்கள். கடைசியில் அடியில் புழுக்கள் மட்டும் ஒரே உருண்டையாகக் கிடக்கும்.

தூண்டிலுக்குப் போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே வேண்டிய புழுக்களைத் தனியே எடுத்து ஈரப்பாசியிலோ ஈரமான அட்டைத் துகளிலோ தீனி இல்லாமல் வைக்க வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை, வித்தியாசம் தெரிவதோ இங்கேதான். வயிற்றில் உள்ள கழிவெல்லாம் போய், பாசியில் ஊர்ந்து ஊர்ந்து தோல் கெட்டிப்பட்டு, நிறமும் தெளிந்து வரும், முள்ளில் ஏற்றும்போது கறுப்புக் குழம்பு கையில் வழியாது. கொண்டுபோகும்போது துணிப்பையில் அல்லது துளையிட்ட டப்பாவில் ஈரத்தோடு, நிழலில். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் மூடிய தகர டப்பாவை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது வெந்திருக்கும், 35 டிகிரியைத் தாண்டினாலே இவற்றுக்கு ஆபத்து. கோக்கும்போது முழுப் புழுவையும் முள்ளுக்குள் திணிக்காமல் இரண்டு இடத்தில் மட்டும் குத்தி வாலைத் தொங்க விடுங்கள், அசைவுதான் மீனை அழைக்கும். கெளுத்தி மாதிரி வாசம் பிடித்து வருகிற மீனுக்கு மட்டும் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கோக்கலாம், அறுத்தும் போடலாம். அறுத்தால் இரண்டு புழுவாகிவிடும், மிச்சத்தை வளர்க்கலாம் என்று சிறு வயதில் கேட்டதை நம்ப வேண்டாம், தலைப்பக்கம் போதிய அளவு இருந்தால் வால் முளைக்கலாம், அறுந்த வால் இன்னொரு முழுப் புழுவாகிப் பிழைக்கப் போவதில்லை.

இத்தனை பாடு எதற்கு, தோண்டினால் கிடைக்காதா என்பார்கள். கிடைக்கும். ஆனால் கரையைக் குழி குழியாக்கிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறோம். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் புழுவை வெளியே வரவைக்கிறவர்கள் இருக்கிறார்கள், எரிச்சல் தாங்காமல் வரும் புழு சீக்கிரம் செத்துவிடும், அந்த இடத்து மண்ணும் கெடும். ஈர மண்ணில் மின்கம்பியைச் செருகுகிற கூத்து இன்னும் மோசம், அதில் மனிதர்களே செத்திருக்கிறார்கள். தோண்டாமல், விஷம் ஊற்றாமல் புழு எடுக்கும் ஒரு வித்தை உண்மையிலேயே உண்டு: அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மரக்கட்டையைத் தரையில் அடித்து இறக்கி, அதன் தலையில் இரும்புப் பட்டையை வைத்துத் தேய்ப்பார்கள். அந்த அதிர்வுக்குப் புழுக்கள் நூற்றுக்கணக்கில் மேலே வரும். புழுதின்னியான அகழெலி மண்ணைத் தோண்டும் அதிர்வு என்று நினைத்துத்தான் அவை தப்பி ஓடி வருகின்றன என்று கென்னத் கட்டேனியா என்ற உயிரியலாளர் 2008இல் காட்டினார். அழகான விஷயம், ஆனால் அதற்கு அந்த மண்ணும் அந்தப் புழுவும் வேண்டும்.

புழுவென்றாலே அருவருப்பு, வழவழப்பு ஆகாது என்பவர்களுக்கு மாவுப்புழு இருக்கிறது. அது மண்புழு இனமே இல்லை, டெனிப்ரியோ மோலிட்டர் என்ற வண்டின் இளம்பருவம். உலர்ந்த தவிட்டில் வளரும், ஈரத்துக்கு ஒரு கேரட் துண்டு போட்டால் போதும், நாற்றம் கிடையாது, குளிரில் வைத்தால் வளர்ச்சி மந்தமாகி நெடுநாள் இருக்கும். சிறு மீனுக்கு நல்ல இரை.

கடைசியாக, உங்கள் கட்டுரையின் அந்த ஒரு வரியில் கட்டாயம் இருந்திருக்க வேண்டிய விஷயம். மிஞ்சிய புழுவை என்ன செய்வது? கரையில் கொட்டிவிட்டு வருவதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள், மண்ணுக்கு நல்லதுதானே என்ற நினைப்பு வேறு. வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளைச் சுற்றியுள்ள காடுகளில் பனியுகத்துக்குப் பிறகு சொந்த மண்புழுவே இல்லாமல் இருந்தது, அந்தக் காடுகள் தரையில் மெத்தையாகக் கிடக்கும் இலைச்சருகை நம்பி வளர்ந்தவை. வெளியிலிருந்து போன புழுக்கள் அந்தச் சருகைத் தின்று தீர்த்துத் தரையை வெறுமையாக்கிவிட்டன, சின்னச் செடிகள் முளைக்க இடமில்லாமல் போயின. அங்கே புழு பரவிய முக்கிய வழிகளில் ஒன்று தூண்டில்காரர்கள் கொட்டிய மிச்ச இரை. இப்போது ஆசியாவிலிருந்து போன அமிந்தாஸ் என்ற துள்ளும் புழுவும் சேர்ந்துகொண்டது, அதில் சில இனங்களுக்கு ஜோடியே வேண்டாம், ஒன்று தப்பினாலே போதும்.

அதனால் மிச்சப் புழுவைத் திரும்ப எடுத்து வந்து பெட்டியில் விடுங்கள். புழு தீர்ந்துவிட்டது, வெறும் படுக்கைதானே என்று அதை உதறிவிட்டு வருவதும் கூடாது, அதில்தான் கண்ணுக்குத் தெரியாமல் முட்டைக்கூடுகள் கிடக்கும். வேண்டாத படுக்கையை ஒரு பையில் கட்டி, குளிர்பெட்டியின் உறைபகுதியில் ஒரு வாரமாவது வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். குளிர்நாட்டுப் புழுவின் கூடு சிலசமயம் பனியையும் தாங்கும், ஆகவே அதன் பிறகும் தோட்டத்தில் கொட்ட வேண்டாம், பையோடு குப்பைக்கே போகட்டும். அடுத்த முறை மண்புழுவையும் தூண்டிலையும் சேர்த்து எழுதினால் இந்தப் பத்தியை மட்டுமாவது சேர்த்துப் போடுங்கள், மற்றதை வெட்டினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
தூண்டில் போடும் வாசகன்